இதயத்தைப் பார்த்து பயப்படாதீங்க! சைக்கிள் மிதிக்கச் சொன்ன டாக்டர் பால் டட்லி ஒயிட்

எங்க வீட்டு ஹால்ல ஒரு எக்சர்சைஸ் பைக் நிக்குது. அப்பாவுக்கு 58 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் எட்டிப் பார்த்ததும் டாக்டர் சொல்லி வாங்கினது. ஒரு மாசம் ஒழுங்கா மிதிச்சார். ஒருநாள் காலையில கைப்பிடியைப் பிடிச்சதும் திரையில இதயத் துடிப்பு 190-னு காட்டிடுச்சு. வெலவெலத்துப்போய் இறங்கினவர்தான்... அடுத்த நாலு மாசம் அந்த பைக் மேல துண்டுதான் காய்ஞ்சது.

அப்பாவுக்கு வந்தது இதய நோய் இல்லை, இதயத்தைப் பத்தின பயம். இந்த பயத்தைப் போக்கவே ஒரு மனிதர் தன் வாழ்நாளில் பாதியைச் செலவழிச்சிருக்கார். அவர் பெயர் பால் டட்லி ஒயிட். அமெரிக்காவின் மிகப் பிரபலமான இதய மருத்துவர். 1973-ல் மறைந்தார்.

குதிரை வண்டியில் தொடங்கிய பாடம்

1886 ஜூன் 6-ல் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் பிறந்தவர் ஒயிட். அப்பா குடும்ப டாக்டர். குதிரை வண்டியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். சிறுவன் பாலும் கூடவே போவான். ஆனா, டாக்டர் வீட்டிலேயே ஒரு சோகம் நடந்தது. பாலின் தங்கை ருமாட்டிக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்டு சின்ன வயசுலயே இறந்துபோனாள். அந்த இழப்பும் அவரை இதயத்தின் பக்கம் திருப்பியது.

1911-ல் ஹார்வர்டில் மருத்துவம் முடித்தார். 1913-ல் லண்டனுக்குப் போய் தாமஸ் லூயிஸிடம் ஈ.சி.ஜி கற்றுக்கொண்டார். அது அப்போ புத்தம்புது இயந்திரம். அடுத்த வருஷமே பாஸ்டன் திரும்பி, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அடித்தளத்தில் ஈ.சி.ஜி ஆய்வகத்தைத் தொடங்கினார். இதயத்துக்குன்னு தனி மருத்துவமா என்று பெரிய டாக்டர்களே யோசித்த காலம் அது.

அந்தக் காலத்து ஈ.சி.ஜி எடுக்கும் காட்சியைக் கேட்டா சிரிப்பு வரும். நோயாளி ரெண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணி நிரப்பிய தொட்டிகளில் விட்டு உட்கார்ந்திருப்பார். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் உடம்பில் எழும் மிகச் சின்ன மின்சாரத்தை அந்தத் தண்ணி வாங்கி இயந்திரத்துக்குக் கொடுக்கும்.

நம்ம வீட்டு பைக்கின் கைப்பிடியில் இருக்கும் உலோகத் தகடும் இதே வேலையைத்தான் செய்யுது. உப்புத்தண்ணிக்குப் பதிலா நம்ம உள்ளங்கை வியர்வை. அதனால்தான் கை காய்ஞ்சிருந்தா எண் தாறுமாறா வரும். இறுக்கிப் பிடிச்சா கைத்தசையின் மின்சாரமும் கலந்துடும். ஒரு கையை மட்டும் வெச்சா இதயத்தின் கணக்கு சரியா கிடைக்காது. அப்பாவின் 190-க்கு காரணம் இதுதான். காய்ஞ்ச கை, பதற்றத்தில் இறுக்கிய பிடி.

ஓட வைத்துப் பார்த்த டாக்டர்

1928-ல் ஒயிட்டிடம் 35 வயது உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். ஆரோக்கியமானவர். ஆனா, திடீர் திடீர்னு இதயம் படபடக்கும். சும்மா இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி விநோதமாக இருந்தது. உடற்பயிற்சி செய்ய வைத்து எடுத்தபோது அந்த விநோதம் காணாமல் போனது. இதேபோல மேலும் சிலரைத் தேடி, 1930-ல் லூயிஸ் உல்ஃப், ஜான் பார்க்கின்சன் ஆகியோருடன் சேர்ந்து கட்டுரை எழுதினார். இன்றும் அந்தப் பிரச்னைக்கு மூவர் பெயரையும் சேர்த்து உல்ஃப் பார்க்கின்சன் ஒயிட் என்றுதான் பெயர்.

அடுத்த வருஷமே இதய நோய் பற்றி அவர் எழுதிய பெரிய பாடநூல் வெளியானது. அமெரிக்க இதயச் சங்கத்தை 1924-ல் உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

உலகமே பார்த்த மாரடைப்பு

1955 செப்டம்பர் 24. அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு. அடுத்து வந்த திங்கட்கிழமை பங்குச்சந்தை 6 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. மாரடைப்பு வந்தா ஆள் அவ்வளவுதான் என்பதே அன்றைய பொதுக்கருத்து.

அழைக்கப்பட்டவர் ஒயிட். அவர் செஞ்ச முதல் காரியம், பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு எல்லாத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. மாரடைப்புன்னா என்ன, ரத்தக்குழாயில் என்ன நடக்குது என்று வாத்தியார் மாதிரி விளக்கினார். அதிபர் மலம் கழித்த விவரம் வரை சொல்லிவிட்டார்! பலர் முகம் சுளித்தாங்க. ஆனா, ரகசியம்தான் பயத்தை வளர்க்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதே அன்றைய வழக்கமான சிகிச்சை. ஒயிட்டோ அதிபரைப் படிப்படியாக நாற்காலிக்கும், பிறகு நடைக்கும், கடைசியில் வேலைக்கும் கொண்டுவந்தார். 1956-ல் ஐசனோவர் மறுபடியும் தேர்தலில் நின்று ஜெயித்தார். முழுப் பதவிக்காலத்தையும் முடித்தார். 1969 வரை வாழ்ந்தார்.

இந்தப் புகழை ஒயிட் சைக்கிளுக்குப் பயன்படுத்தினார். கார் வந்ததும் கால்களை மறந்துட்டோம் என்பது அவர் கவலை. ஊர் ஊராகப் போய் சைக்கிள் பாதைகள் கேட்டார். எழுபது வயசைத் தாண்டியும் தானே மிதித்தார், நடந்தார், விறகு வெட்டினார். 87 வயது வரை வாழ்ந்தார். பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரை சைக்கிள் பாதைக்கு இன்று அவர் பெயர்.

நமக்கும் அவரோடு ஒரு உறவு உண்டு. பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணான டாக்டர் எஸ்.பத்மாவதி, ஹார்வர்டில் ஒயிட்டிடம் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவராகப் போற்றப்படும் அவர், 103 வயது வரை வாழ்ந்து 2020-ல் மறைந்தார்.

வீட்டு பைக்கில் ஏறும் முன்...

ஒயிட்டின் கதையை அப்பாவுக்குச் சொன்ன கையோடு, பைக்கையும் சரிபண்ணினோம். உங்களுக்கும் உதவலாம்.

சீட்டை இடுப்பு உயரத்துக்கு வையுங்க. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசா மடங்கியிருக்கணும்.

220-லிருந்து வயசைக் கழிச்சா, உச்சபட்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். அப்பாவுக்கு 162. அதில் 50 முதல் 70 சதவிகிதம், அதாவது 81 முதல் 113 வரை மிதமான பயிற்சி. மூச்சு வாங்கினாலும் பேச முடியணும். சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பைக் குறைச்சே காட்டும். அவங்க டாக்டரிடம் கேட்டுத்தான் அளவை முடிவு பண்ணணும்.

எண் மேல சந்தேகம் வந்தா, நின்னு மணிக்கட்டில் விரல் வெச்சு 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்க. எண் என்ன காட்டினாலும் நெஞ்சுவலி, மயக்கம், அடங்காத படபடப்பு இருந்தா உடனே நிறுத்திட்டு மருத்துவ உதவி தேடுங்க.

முடிக்கும்போது சட்டுனு இறங்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் மெதுவா மிதிங்க. இல்லைன்னா ரத்தம் கால்களில் தங்கி தலை சுத்தலாம்.

தினமும் கைப்பிடியையும் பிரேமையும் ஈரத்துணியால் துடைச்சு, காய்ஞ்ச துணியால் ஒத்தி எடுங்க. வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். மார்புப் பட்டை இருந்தா, கட்டும் முன் அதை நனைச்சுக்கணும். பிறகு வெறும் தண்ணியில் அலசி, சென்சாரைக் கழற்றித் தனியா வைக்கணும். மாசம் ஒருமுறை போல்ட்டுகளையும் பெடல்களையும் முறுக்கிப் பாருங்க. இடது பெடல் மட்டும் எதிர்ப்பக்கமா திருப்பினாதான் இறுகும். இது தெரியாம முறுக்கி மரையைக் கெடுத்தவங்க நிறைய பேர்.

அப்பா இப்போ தினமும் 20 நிமிஷம் மிதிக்கிறார். துண்டு இன்னமும் அந்த பைக் மேலதான் இருக்கு. வியர்வை துடைக்க!