கடல் கடந்த பந்து வீச்சாளர்

எட்டயபுரத்தையும் கோவில்பட்டியையும் சூழ்ந்து கிடக்கும் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். மழை பொய்த்தால் அது பாளம் பாளமாக வெடிக்கும். பருவத்தே மழை பெய்தால் பருத்தியை வாரி வழங்கும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இப்பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. இதே போன்ற கரிசலும் பருத்தியும் நிறைந்த மற்றொரு பகுதி, நம் நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள கத்தியவார். அங்கே பிறந்த இளைஞர் ஒருவர், இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள் மலிந்த ஊர் ஒன்றுக்குச் சென்று, தம் தோள் வலியால் ஊதியமும் புகழும் ஈட்டினார். அவரே அமர்சிங்.

அமர்சிங் 1910ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் இராஜகோட்டையில் பிறந்தார். அவருடைய தமையனார் இராம்ஜியும் விரைந்து பந்து வீசுவதில் வல்லவர். அந்நாளில் கிரிக்கெட் ஆட்டம் பெரிதும் மன்னர்களின் ஆதரவில் வளர்ந்தது. அமர்சிங் அரச குடியில் தோன்றியவர் அல்லர். அவருக்கு வாய்த்த செல்வம் உயர்ந்த உடலும் ஓயாத பயிற்சியுமே. அவர் வீசிய பந்து காற்றில் இருபுறமும் வளைந்து செல்லும். தரையில் பட்டதும் எதிர்பாராத விரைவுடன் எழும். எப்பக்கம் திரும்புமென்று அறியாமல் மட்டை பிடித்தவர் திகைப்பர்.

1932ஆம் ஆண்டில் இந்திய அணி முதன்முதலாக டெஸ்டுப் போட்டி ஆட இங்கிலாந்து சென்றது. இருபத்தொரு வயது நிரம்பிய அமர்சிங்கும் அவ்வணியில் இடம் பெற்றார். இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில் நடந்த அப்போட்டியில் இந்தியா தோற்றது. ஆயினும் இரண்டாம் ஆட்டத்தில், விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்த வேளையில், அமர்சிங் அஞ்சாது நின்று 51 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்டுப் போட்டியில் இந்திய அணிக்காக ஒருவர் ஐம்பதைக் கடந்தது அதுவே முதல் முறை. அச்சுற்றுப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 111.

1934ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை மக்களும் அவருடைய திறமையைக் கண்ணாரக் கண்டனர். சேப்பாக்கம் திடலில் நடந்த போட்டியில், இங்கிலாந்து அணியின் முதல் ஆட்டத்தில் 86 ஓட்டங்களே கொடுத்து ஏழு பேரை அவர் வெளியேற்றினார். அப்போட்டியிலும் வெற்றி இங்கிலாந்துக்கே கிட்டியது. அணி தோற்றபோதும் அவருடைய கை தளரவில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லங்காஷயர் அந்நாளில் நெசவு நாடாக விளங்கியது. அங்குள்ள ஆலை ஊர்களின் கழகங்கள் கூடி 1892ஆம் ஆண்டில் ஒரு கூட்டமைப்பை நிறுவின. சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆலை ஓய்ந்ததும் தொழிலாளர் குடும்பத்துடன் திடலுக்கு வருவர். கழகத்தினர் பலரும் ஊதியமின்றி ஆடுவர். ஒரு வீரரை மட்டும் சம்பளம் தந்து அமர்த்திக்கொள்வர். அவர் சிறப்பாக ஆடினால், கூட்டத்தினரிடையே உண்டியல் சுற்றி வந்து அவருக்கென நன்கொடை சேரும். கோல்ன் என்னும் ஊரின் கழகம் அமர்சிங்கை அவ்வாறு அமர்த்தியது. அதன் அண்டை ஊராகிய நெல்சனில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த லியரி கான்ஸ்டன்டைன் அதே பணியில் சிறந்து விளங்கினார்.

அந்நாளைய நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உலகெங்கும் வாணிகம் சீர்குலைந்திருந்தது; இந்தியாவில் அந்நியத் துணி விலக்கும் நடந்தது. லங்காஷயரில் பல ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்த அத்தொழிலாளரை 1931ஆம் ஆண்டில் காந்தியடிகள் நேரில் சென்று கண்டு, இந்திய ஏழைகளின் நிலையை எடுத்துரைத்தார். அதன்பின் சில ஆண்டுகளில், அதே மக்கள் தம் சிறு வருவாயில் காசு கொடுத்து ஓர் இந்தியரின் ஆட்டத்தைக் காணத் திரண்டனர். உழைத்துப் பிழைப்பவர்கள் உழைப்பின் திறனை மதித்தனர்.

1936ஆம் ஆண்டில் இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து வந்தது. அப்போது அமர்சிங் கோல்ன் கழகத்தின் பணியில் இருந்தார். கழகத்தின் இசைவு கிடைத்த போதுதான் அவர் நாட்டுக்காக ஆட இயலும். ஊதியம் தந்த ஊருக்கும் பிறந்த நாட்டுக்கும் அவர் கடமைப்பட்டிருந்தார், இரண்டையும் செய்தார். மூன்று டெஸ்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். லார்ட்ஸ் திடலில் 35 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து அணி 134 ஓட்டங்களில் அடங்கியது. இந்திய அணி முதல் ஆட்டத்தில் 13 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. இறுதியில் தோல்வியே நேர்ந்தாலும், அப்பந்து வீச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அந்நாளில் ஊதியம் பெற்று ஆடுவோரை ஒரு படி தாழ்வாக எண்ணும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. செல்வர்க்கு ஒரு வாயில், கூலி பெறுவோர்க்கு மற்றொரு வாயில் எனத் திடல்களிலும் வேறுபாடு நிலவியது. அவ்வேறுபாடு 1962ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. அதைக் காண அமர்சிங் உயிருடன் இல்லை. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில், நோய்வாய்ப்பட்டு, இருபத்தொன்பதாம் வயதிலேயே அவர் மறைந்தார்.

அவர் ஆடிய டெஸ்டுப் போட்டிகள் ஏழே. அவற்றில் 28 விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதல்தரப் போட்டிகள் அனைத்திலும் சேர்த்து அவர் பெற்றவை 508. அவர் ஆடிய டெஸ்டுப் போட்டி ஒன்றிலும் இந்தியா வென்றதில்லை. இந்தியா தன் முதல் டெஸ்டு வெற்றியைப் பெற்றது 1952ஆம் ஆண்டில். களம் அவர் ஏழு பேரை வீழ்த்திய அதே சேப்பாக்கம்.

விதைத்தவனே அறுவடையைக் காண்பான் என்னும் உறுதி கரிசல் உழவனுக்கு இல்லை. எனினும் அவன் உழுது விதைக்கிறான். அமர்சிங்கின் வாழ்வும் அத்தகையதே. தமக்குக் கிட்டாத வெற்றிக்கு அவர் நிலத்தைப் பண்படுத்திச் சென்றார்.