கணக்கைக் கையில் கொடுத்த மாண்டிசோரி அம்மையார்

இவனுக்குக் கணக்கு வராது என்னும் சொல்லைக் கேளாத வீடு நம் தெருக்களில் இராது. நம் பாட்டன்மார் அச்சொல்லைப் பண்ணையின் களத்து மேட்டில் கேட்டனர். நம் தந்தையர் பள்ளியின் கடைசி வரிசையில் கேட்டனர். கூலி அளக்க ஒரு மரக்காலும் கடன் திருப்பி வாங்க வேறொரு மரக்காலும் இருந்த காலத்தை நம் முதியோர் இன்றும் சொல்வர். எண்ணத் தெரியாதவன் அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டும் வாயால் சொல்ல இயலாமல் நின்றான். ஆகவே கணக்கு என்பது நமக்கு வெறும் பள்ளிப் பாடமாக இருந்ததில்லை. இவ்வெள்ளி விழா மலரில், இத்தாலி நாட்டில் பிறந்து நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து சென்ற ஓர் அம்மையாரின் வரலாற்றை எழுத நாம் முற்பட்டதற்கும் அதுவே காரணம். கற்க மாட்டார் என்று உலகம் தள்ளிவைத்த பிள்ளைகளிடமிருந்துதான் அவர் தம் பணியைத் தொடங்கினார்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவால்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க நிதித் துறை அலுவலர். தாயார் ரெனில்தே படிப்பில் பற்று மிக்கவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகரில் குடியேறிற்று. ஆண்பிள்ளைகளே சேரும் தொழில்நுட்பப் பள்ளியில் அவர் சேர்ந்தார். பொறியியல் கற்க விரும்பி, பின் மருத்துவத்தின்பால் மனம் திரும்பினார். தந்தையார் இதனை விரும்பவில்லை. தாயார் துணை நின்றார். ஆடவரோடு ஒரே அறையில் பிணத்தை அறுத்துப் பார்த்துப் பயில்வது பெண்ணுக்கு முறையன்று என்று கருதப்பட்டதால், எல்லாரும் சென்றபின் மாலையில் தனியே அவ்வறையில் நின்று அவர் பயின்றார். ஒதுக்கி நிறுத்தப்படுதல் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அதன் ஒரு சாயலை அந்த அம்மையாரும் அறிந்திருந்தார் எனலாம். 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார்.

1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். மணம் செய்துகொள்ளாத நிலையில் பிறந்த பிள்ளையாதலால் அக்காலச் சமூகத்திற்கு அஞ்சி வேறொரு குடும்பத்தில் வளர விடப்பட்டான். பின்னாளில் அம்மகனே தாயின் வலக்கையாக விளங்கினான்.

மருத்துவப் பணியின்போது அவர் ரோமின் மனநோய் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அங்கே வயது வந்த நோயாளிகளோடு அடைக்கப்பட்டுக் கிடந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி வைத்து விளையாடினர் என்றும், பணிப்பெண் அதனை அருவருப்போடு சுட்டிக் காட்டினாள் என்றும் சொல்லப்படுகிறது. மாண்டிசோரிக்கோ அதில் அருவருப்புத் தோன்றவில்லை. அந்த வெற்றறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறொரு பொருளும் இல்லை என்பதே அவர் கண்ணிற் பட்டது. இதார், செகேன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை அவர் தேடிப் படித்தார். கையாலேயே மொழிபெயர்த்தும் எழுதினார். 1900இல் தொடங்கிய ஒரு பயிற்சிப் பள்ளியில் அக்குழந்தைகளுக்குத் தொட்டும் அடுக்கியும் கற்கும் பொருள்களைக் கொடுத்தார். அவர்களுட் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரின் வியப்போ வேறு திசையில் சென்றது: நல்ல உடலும் அறிவும் கொண்ட பிள்ளைகளை நம் பள்ளிகள் இவ்வளவு கீழே வைத்திருப்பது எதனால்?

விடை காணும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் வந்தது. ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது கூலித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. நம் நாடாயின் அதனைச் சேரி என்றே எழுதியிருப்பர். அங்குள்ள கட்டடங்களைச் செப்பனிட்ட நிறுவனத்தார், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட சிறுவர்கள் சுவர்களைப் பாழாக்காதிருக்க ஒரு காப்பிடம் வேண்டினர். பிள்ளைகள்மேல் கொண்ட அன்பினும் சுவர்மேல் கொண்ட அன்பே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. எப்படியாயினும் ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஓர் அறையில் சேர்ந்தனர். அழுத முகமும் மருண்ட பார்வையும் உடைய அவர்களைப் பார்த்துக்கொண்டவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். இவ்விடம் குழந்தைகள் வீடு என்று பெயர் பெற்றது.

அங்கு நடந்தவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டுக் குறிப்போம். ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார் அம்மையார்; அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் மடியில் கட்டையை அணைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்தபின், உறங்கி எழுந்தவள் போல் முகம் மலர்ந்து நிமிர்ந்தாள். மற்றொரு நாள் பொருள்கள் வைத்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். மறுநாள் அவர் வருவதற்குள் பிள்ளைகள் தாமே வேண்டியதை எடுத்துப் பணி தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டு என்று எண்ணினார். அம்மையார் அதனைத் தேர்ந்தெடுத்தல் என்று கண்டார். அது முதல் உயர்ந்த அலமாரி போயிற்று. பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகள் வந்தன. ஒவ்வொரு பொருளிலும் ஒன்றே ஒன்று. அதற்கென ஓர் இடம். எடுத்தவன் அவ்விடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். வேண்டுபவன் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று மழலையர் வகுப்புகளில் கணக்கு மூலை, மொழி மூலை என்று பிரித்து வைக்கும் வழக்கத்திற்கு அத்தாழ்ந்த தட்டுகள் ஒரு முன்னோடி.

கணக்கிற்கு அவர் அமைத்த பொருள்களைச் சற்று விரிவாகச் சொல்வோம். முதலில் வருவன 10 கோல்கள். மிகச் சிறியது 10 செண்டிமீட்டர். மிக நீண்டது ஒரு மீட்டர். பத்துப் பத்துச் செண்டிமீட்டராகச் சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டப்பட்டிருக்கும். மூன்று என்று சொன்னால் குழந்தையின் கையில் மூன்று முழுதாக, ஒரே பொருளாக இருக்கிறது. ஐந்தைத் தூக்க இரு கையும் வேண்டும். ஒன்பதன் தலைப்பில் ஒன்றைச் சேர்த்தால் பத்தின் நீளம் வந்துவிடுகிறது. கூட்டல் அங்கேயே முடிந்தது. அடுத்து, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்ணுருவங்கள்; இரு விரலால் தடவிப் பழகிய கை, பின்னர் எழுதத் தயங்குவதில்லை. அதன்பின் 0 முதல் 9 வரை குறித்த அறைகள் கொண்ட பெட்டியும் 45 கதிர்க்கோல்களும். கோல்களை எண்ணி எண்ணி அறைகளில் இட, கடைசியில் ஒன்று மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ பிழை நேர்ந்தது என்று குழந்தைக்கே விளங்கும். பூச்சிய அறை வெறுமையாகவே இருக்கும். பூச்சியத்தை விளக்க அம்மையார் ஒரு விளையாட்டுச் செய்வார்: பூச்சியம் தடவை என்னிடம் வா என்பார். குழந்தை ஓடி வந்துவிடும். வந்ததால் அது ஒரு தடவை ஆயிற்று என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார். அசையாமல் நின்று சிரிக்கும் குழந்தை பூச்சியத்தை அறிந்துகொண்டது.

பிழையைச் சொல்வது பொருள், ஆசிரியர் அன்று. நம்மவர் இந்த ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டுகிறோம். கரும்பலகையின் முன் நின்று தவறிய விடைக்குப் பிரம்படியும், அதனோடு சாதிப் பெயரும் சேர்த்து வாங்கிய நம் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். குழிக்குள் நுழையாத உருளை பிள்ளையின் குலத்தைக் கேட்பதில்லை.

பின்னர்ப் பொன்மணிகள் வந்தன. ஒரு மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி ஒரு சரம். பத்துச் சரம் ஒரு சதுரம், அது நூறு. பத்துச் சதுரம் ஒரு கனக்கட்டை, அது ஆயிரம். ஐந்து வயதுக் குழந்தை ஆயிரத்தைக் கையில் ஏந்தி அதன் கனத்தை உணர்கிறது.

1909இல் அம்மையாரின் முதல் பெருநூல் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று. அப்புகழோடு சில குறைகளும் வந்தன. அவற்றை மறைப்பது நமக்கு அழகன்று. தம் பொருள்களைத் தாம் குறித்த அளவில் தவிர வேறு வகையில் செய்வதை அவர் எளிதில் ஒப்பவில்லை. அவை விலை ஏறின. சான் லொரென்சோவில் ஏழைக்காகப் பிறந்த கல்வி பல நாடுகளில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உடைமையாயிற்று. நம் நகரங்களில் மாண்டிசோரி என்னும் பெயர்ப்பலகையின் கீழ் வாங்கப்படும் கட்டணத்தை அறிந்தோர் அறிவர். இத்தாலியில் முசோலினியின் ஆதரவையும் அவர் சில ஆண்டுகள் ஏற்றார். 1934 அளவில் அவ்வுறவு முறிந்து அங்கு அவர் பள்ளிகள் மூடப்பட்டன.

1931இன் இறுதியில், இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்காக அண்ணல் அம்பேத்கரும் காந்தியடிகளும் லண்டனில் இருந்த நாள்களில், காந்தியடிகள் அங்கு மாண்டிசோரி அம்மையாரைச் சந்தித்தார். இக்கல்வி செல்வர் பிள்ளைகளோடு நில்லாமல் பரம ஏழையின் பிள்ளைக்கும் கிட்ட வேண்டும் என்னும் கருத்தை அவர் அங்கே வெளியிட்டார். குறை அன்றே சுட்டப்பட்டுவிட்டது என்று அறிக.

1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, 69 வயதில், அம்மையார் மகனுடன் சென்னை அடையாற்றிற்கு வந்தார். சுமார் 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இங்கிருந்த ஆங்கில ஆட்சி தாயையும் மகனையும் பகைநாட்டார் என்று கொண்டது. மரியோ சிறைமுகாமில் வைக்கப்பட்டார். தாயின் 70ஆம் பிறந்தநாளன்று மகனை விடுவித்தனர். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் அவர்கள் தங்கினர். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்ற ஒரு சிறு பள்ளி அங்கே நடந்தது. மலைச் சரிவின் இலையும் பூவும் பூச்சியும் அங்கே பாடப் பொருள்களாயின. விதைத்து, நீர் ஊற்றி, முளைப்பதற்குக் காத்திருந்து பருவத்தை அறிதல் கல்வியின் பகுதி என்பதை அம்மையார் தம் முதல் நூலிலேயே எழுதியவர். கொடைக்கானல் அதற்கு அகன்ற களம் தந்தது. பின் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் இந்தியாவிற்கு வந்து போனார். 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

விலையுயர்ந்த பொருள் இல்லாமல் இக்கல்வியை ஏழையின் முற்றத்திற்குக் கொண்டுசென்ற பெருமை மராட்டியத்தின் தாராபாய் மோடக் அம்மையாருக்கு உரியது. அவர் குஜராத்தில் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றியவர். 1945இல் தாணே மாவட்டத்தின் போர்டி சிற்றூரிலும், 1957 முதல் கோஸ்பாடு குன்றில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடையேயும், அனுதாய் வாக்குடன் சேர்ந்து உழைத்தார். மரக்கோலுக்கும் மணிக்கும் மாற்றாகக் கூழாங்கல்லும் விதையும் இலையும் கிளிஞ்சலும் அங்கே எண்ணப்பட்டன. பள்ளிக்கு வாராத பிள்ளைகளின் முற்றத்திற்கே பள்ளி சென்றது. மராட்டியில் முற்றத்திற்கு அங்கண் என்று பெயர். அங்கன்வாடி என்னும் சொல் அவ்வழி வந்ததே. 1973இல் தாராபாய் மறைந்தார்.

நம் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் இளைஞர்கள் இதனை அப்படியே பின்பற்றலாம், செலவு பெரிதன்று. தையில் களத்து மணலைக் கொண்டு ஆழாக்கு, உழக்கு, உரி, படி அளக்கட்டும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைத் தம் கையால் கொட்டிப் பார்க்கும் பிள்ளையை எந்த மரக்காலும் ஏமாற்றாது. பங்குனி, சித்திரையில் புளி உடைக்கும் வீடெல்லாம் புளியங்கொட்டை. பத்துக் கொட்டாங்கச்சியில் 0 முதல் 9 வரை எழுதி, 45 கொட்டைகளை எண்ணிப் போடச் செய்தால் அம்மையாரின் பெட்டி அதுவே. மூன்று வயதுக்கு உட்பட்டவர் கையில் மட்டும் கொட்டையைக் கொடுக்கற்க. மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வர். அவர்களுக்கு ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டை ஏற்றது. சிறிது பெரிதாக வரிசையில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பொறுக்க வெளியே செல்ல இயலாது; மழை பெய்த நாளுக்கு ஒரு கூழாங்கல் பானையில் இட்டு, மாதக் கடைசியில் கொட்டி எண்ணலாம். கோல்களுக்கு மூங்கில் போதும். பத்தும் சேர்ந்து ஐந்தரை மீட்டர்தான் ஆகும். பொன்மணிக்குத் தென்னை ஈர்க்கு உண்டு. முழ நீளத்தில் நறுக்கிப் பத்துப் பத்தாகக் கட்டி, அக்கட்டுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து நூறாக்கி, நூறுகளைப் பத்தாகச் சேர்க்க வேண்டும். ஆயிரம் ஈர்க்கு ஒன்றானபின், நான்கு வயதுப் பிள்ளை அதனை இரு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடியும்.