சான்றிதழுக்குள்ளே ஒரு நீதிபதி

ஏதாவது ஒரு இணையதளத்தோட சான்றிதழை பிரவுசர்ல திறந்து, பப்ளிக் கீ விவரம் வரைக்கும் போய்ப் பாருங்க. ஆர்எஸ்ஏ வகையாக இருந்தால், பெரும்பாலும் 65537 என்று ஒரு எண் இருக்கும். (சில பிரவுசர்கள் அதையே ஹெக்ஸில் 010001 என்று காட்டும்.) இதன் பின்னால் இருப்பவர் எஞ்சினியர் இல்லை. 17-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில், துலூஸ் நகர நீதிமன்றத்தில் வழக்கு விசாரித்துக்கொண்டிருந்த பியர் டி ஃபெர்மா.

தோல் வியாபாரியின் மகன். 1631-ல் நீதிமன்றப் பதவிக்கு வந்தவர், சாகும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். கணக்கு பார்ட் டைம்தான். கண்டுபிடித்ததைப் புத்தகமாகப் போட மாட்டார், கடிதம் எழுதுவார். அதிலும் விடையைச் சொல்லிவிட்டு நிரூபணத்தை விட்டுவிடுவார். நம்ம செமஸ்டர் பேப்பர்ல இப்படி எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்!

1640 அக்டோபரில் ஃப்ரெனிக்கிள் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்த விஷயம் இதுதான்: ஒரு பகா எண்ணை எடுங்க, 7 என்று வைத்துக்கொள்வோம். 2-ன் ஏழாம் அடுக்கு 128. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 2, அதாவது ஆரம்பித்த எண்ணே திரும்பி வருகிறது. எந்தப் பகா எண்ணுக்கும் இப்படித்தான். நிரூபணம் நீளமானது என்று சொல்லி அனுப்பாமல் விட்டார். அதைப் பின்னாளில் ஆய்லர் நிரூபித்து விரிவாக்கினார்.

1977-ல் வந்த ஆர்எஸ்ஏ, இந்தத் 'திரும்பி வருதல்' மேலேதான் நிற்கிறது. சான்றிதழ் வழங்கும் நிறுவனம், சான்றிதழின் ஹாஷை ரகசிய அடுக்குக்கு ஏற்றி, ஒரு பெரிய எண்ணால் வகுத்து வரும் மீதியைக் கையெழுத்தாகப் போடுகிறது. உங்க பிரவுசர் அந்தக் கையெழுத்தை 65537-ஆம் அடுக்குக்கு ஏற்றி, அதே எண்ணால் வகுக்கும். பழைய ஹாஷ் திரும்பி வந்தால் நம்பும், வரலைன்னா எச்சரிக்கைதான்.

ஏன் 65537? அது 2-ன் 16-ஆம் அடுக்கோடு ஒன்று. பைனரியில் இரண்டே 1, அதனால் 17 பெருக்கலில் வேலை முடிந்துவிடும். 3, 5, 17, 257, 65537 என்று போகும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் அடுத்த எண்ணான 4294967297-ஐ 641-ஆல் வகுத்துக் காட்டினார். நம்பிக்கை அங்கேயே உடைந்தது. இன்றுவரை அந்த ஐந்துக்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. 1643 வாக்கில் 2027651281 என்ற எண்ணை அவர் 44021 × 46061 என்று கையாலேயே உடைத்தார். வழி எளிது: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதணும். 45030-லிருந்து ஒவ்வொன்றாகப் போனால் பன்னிரண்டாவது முயற்சியில் 45041 கிடைக்கும்; அதன் வர்க்கத்தில் 1020-ன் வர்க்கத்தைக் கழித்தால் முடிந்தது. இரண்டு காரணிகளும் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு சுலபம். 2022-ல் சில பிரிண்டர்கள் உருவாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகள் இதே முறையில் உடைந்தன. மென்பொருள் இரண்டு பகா எண்களையும் அருகருகே தேர்ந்தெடுத்திருந்தது, அவ்வளவுதான் தப்பு.

ஃபெர்மா 1665 ஜனவரியில் காஸ்த்ர் என்ற ஊரில் இறந்தார். ஒரு பழைய கணிதப் புத்தகத்தின் ஓரங்களில் அவர் கிறுக்கி வைத்திருந்த குறிப்புகளை 1670-ல் மகன் அச்சிட்டார். 'கடைசித் தேற்றம்' வெளியே வந்தது அப்படித்தான். அது தனிக் கதை.