புகழ்ச்சோழ நாயனார்

துறையூரில் அன்பரொருவர் சின்னாட்களுக்கு முன் எம்மிடம் ஒரு வினா எழுப்பினர். நாடோறும் திருநீறு நிறையப் பூசி, உருத்திராக்கந் தரித்து, சந்தி தவறாது பூசை புரிவோருட் சிலரிடத்துப் பொய்யும் பொறாமையும் காணப்படுகின்றன; இவை யாதுமில்லாத சிலரிடத்து அருளும் நேர்மையும் காணப்படுகின்றன; ஆதலின் புறத்தொழுக்கத்தால் ஒருவன் நல்லவனாதல் உண்டோ என்பது அவ்வினா. வினாவியவர் சைவத்தை இகழ்பவரல்லர், பூசையுடையவர். ஆதலின் நாமும் அதனை எளிதாகத் தள்ளிவிடாது, நம் திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாய் இன்று விளங்கும் உறையூரிலிருந்து அரசுபுரிந்த புகழ்ச்சோழ நாயனார் சரித்திரத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

புகழ்ச்சோழர் அறுபத்துமூவருள் ஒருவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் போற்றிய இவரது வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்தருளினார். உறையூர் இவர்க்குத் தலைநகரம். கொங்கரும் மேற்றிசை அரசரும் செலுத்துந் திறையை ஏற்றற்பொருட்டு இவர் கருவூரை அடைந்து, திருவானிலைக் கோயிலில் எழுந்தருளிய பெருமானை வழிபட்டுக்கொண்டு அங்கே தங்கியிருந்தார். 1995 ஆம் ஆண்டு வரையில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இப்போது தனி ஜில்லாவுக்குத் தலைநகராயுள்ள கரூரே அக்கருவூராம்.

அந்நகரில் சிவகாமியாண்டார் என்னும் முதிய அந்தணர் வைகறையில் எழுந்து நீராடி, வாயைத் துணியாற் கட்டி, மலர் கொய்து பெருமானுக்குச் சார்த்துந் தொண்டு பூண்டிருந்தார். மகாநவமிக்கு முன்னாள், ஆற்றில் நீராட்டப்பெற்று வந்த பட்டத்து யானை மதங்கொண்டோடி, அவரது பூக்கூடையைப் பறித்துச் சிந்தியது. முதுமையால் யானையைத் தொடரமாட்டாது அவர் நிலத்தில் விழுந்து ஓலமிட்டார். அடியார்க்கு இடர்செய்வாரை மழுவால் ஒறுத்தலே கடனாகக் கொண்ட எறிபத்த நாயனார் அது கேட்டு விரைந்து சென்று, யானையையும் உடன்வந்த ஐவரையும் வெட்டி வீழ்த்தினார்.

செய்தி அரசர்க்கு எட்டியது. பகைவர் செயலென்று கருதிப் படையோடு குதிரைமேல் வந்தார். வந்தவிடத்துப் பகைவரைக் கண்டிலர். மழுவேந்திய சிவனடியார் ஒருவரையே கண்டார். இவரே கொன்றவர் என்று அருகிருந்தார் கூறினர். அப்பொழுதே அரசரது கோபம் அச்சமாயிற்று. யானை பிழைசெய்தாலன்றி இவர் கொல்லார் என்று துணிந்து, மதயானையால் அடியார்க்குத் தீங்கு நேராதது தம் பாக்கியமென்று எண்ணிக் குதிரையினின்று இறங்கினார். நிகழ்ந்ததை எறிபத்தர் சொல்லக் கேட்டு, யானையும் பாகரும் மாண்டமை இக்குற்றத்துக்குப் போதாது, உடையவனாகிய யானும் மாளத்தக்கவன் என்று தமது உடைவாளை உருவி நீட்டினார். வாளை வாங்காவிடின் அரசர் தம்மையே மாய்த்துக்கொள்வர் என்று அஞ்சி எறிபத்தர் அதனை வாங்கினார்; வாங்கியவர், இத்தகைய அன்பர்க்கு இடர்விளைத்தேனே என்று நைந்து, அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டினார். அரசர் பாய்ந்து அவர் கையையும் வாளையும் பற்றினார். அந்நிலையில் விண்ணிற் றிருவாக்கெழுந்தது. யானையும் வீழ்ந்தாரும் எழுந்தனர். கூடையில் மலர் நிறைந்தது.

பின்னர் நிகழ்ந்தது இதனினும் கடிது. திறை செலுத்தாதிருந்தவன் அதிகன் ஒருவனே என்று அமைச்சர் கூற, அவனது மலையரணை அழித்து வருமாறு அரசர் ஆணையிட்டார். சேனை சென்று அரணை வென்றது. அதிகன் ஓடி ஒளித்தான். அவன் வீரருடைய தலைகளைக் குவியலாகக் கொணர்ந்து அரசர் முன் வைத்தனர். அவற்றைப் பார்த்து வந்த புகழ்ச்சோழர், ஒரு தலையிற் சடை இருத்தலைக் கண்டார். கண்டவுடன் நடுங்கிக் கைகுவித்து எதிர்சென்றார். கண்ணீர் பெருகச் சைவநெறியைக் காத்த திறம் நன்றாயிருந்தது என்று தம்மைத் தாமே இகழ்ந்தார். மைந்தனுக்கு முடிசூட்டுமாறு அமைச்சர்க்குப் பணித்தார். தீ வளர்ப்பித்துத் திருநீறணிந்து, அச்சடைத்தலையைப் பொற்றட்டில் ஏந்தித் தம் முடிமேற்றாங்கி, தீயை வலம்வந்து, திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டு அதனுட் புகுந்தார்.

இனி வினாவுக்கு வருவாம். அச்சடையை உடையவன் நல்லவனா தீயவனா என்பது புகழ்ச்சோழர்க்குத் தெரியாது. பகைவனுக்காக வாளெடுத்தவன் என்பதுமட்டுமே தெரியும். ஆகவே சடை அவ்வீரனை நல்லவனாக்கிற்று என்று இச்சரித்திரத்தைக் கொண்டு சொல்லுதல் இயலாது. வேடம் அணிந்தமையாலேயே ஒருவன் நல்லவனாகான் என்பதற்கு முத்தநாதனினும் பெரிய சான்று வேண்டா. மெய்யெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கவளியிற் படைக்கலத்தை ஒளித்துச் சென்று, திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரைக் குத்திய அவனிடத்துப் புறக்கோலத்தில் ஒரு குறையும் இல்லை. அன்பர் வினாவின் முற்பகுதியை நம் புராணமே ஒப்புக்கொள்ளுகின்றது.

ஆயினும் சடை புகழ்ச்சோழரை என் செய்தது என்று நோக்குக. திறையும் போரும் அரசர்க்கு வழக்கமானவை. வெற்றிக்குப்பின் தலைக்குவியலைக் காண்டலும் வழக்கமே. வழக்கம் கண்ணை மறைக்கும். அம்மறைப்பை ஒரு புன்சடை கிழித்தது. ஆணையிட்டவன் யானே என்பதை அவர்க்குக் காட்டிற்று. படைத்தலைவர்மேற் பழிசொல்ல இடமிருந்தது, சொல்லவில்லை. பகைவனோடு சேர்ந்தவன் தன் வினையால் மாண்டான் என்று கூறவும் இடமிருந்தது, அதுவும் கூறவில்லை. கருவூரிலும் இவ்வாறே அடியாரைக் கண்டவுடன் அவர் தம் குற்றத்தையே தேடினார். எறிபத்தரோ அரசரது அன்பைக் கண்டு தம் குற்றத்தைத் தேடினார்.

ஏனைத் தலைகளுக்கு அவர் இரங்கிலரே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்கதே. சடைத்தலை ஒன்றற்கு வருந்தியதையே புராணம் கூறுகின்றது. ஆயினும் அரசர் துறந்தது முடியையும் உயிரையும்; அத்தலைகள் யாவும் எதன்பொருட்டுக் குவிந்தனவோ அவ்வரசையே ஒரு தலையின்முன் விட்டொழித்தார். திருவேடத்தினிடத்துத் தொடங்கிய நடுக்கம் எல்லாவுயிர்களிடத்தும் பரவுதல் நம்மனோர் மேற்கொள்ளவேண்டிய சாதனமாம். அவ்வாறு பரவாது வேடமுடையார் கூட்டத்தளவில் நின்றுவிடின், அது குலப்பற்றுப் போலும் ஒரு பற்றாய் முடியும்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அன்பருடைய வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுமாறு பணித்தார். தொழுவதற்குரியதாக அவர் காட்டிய வேடம் பிறரது வேடம் என்பது கருதத்தக்கது. தன் நீற்றைக் கண்ணாடியிற் பார்த்து மகிழ்பவனுக்கும், பிறர் நெற்றி பாழாயிருத்தலை எண்ணிக் குறைகூறுபவனுக்கும் அச்சூத்திரத்தில் இடமில்லை. பிறர் மேனியிற் கண்ட நீற்றின்முன் நாம் தாழ்கின்றோம்; நம் மேனியில் இட்ட நீறோ, நம்மைக் கண்டு தாழ்வார்க்கு நாம் பட்ட கடன். அக்கடனை நினைந்து பொய்கூற வாய்திறக்குமுன் ஒருவன் கூசுவானாயின், அன்றைய நீறு அவனை நல்லவனாக்கத் தொடங்கிற்று என்க. கூசாதவனுக்கு அது சாம்பரேயன்றி வேறன்று, குறை நீற்றினதுமன்று.

துறையூர் அன்பர்க்கு யாம் கூறத்தக்க விடை இதுவே. ஆடிக் கார்த்திகையிற் புகழ்ச்சோழ நாயனாரது குருபூசை கொண்டாடும் மடங்களில், அடியார்க்கு இலையிடுமுன், அவர் முடிமேற்றாங்கிய அப்பொற்றட்டை ஒருகணம் நினைத்தல் நலம்.

திருச்சிற்றம்பலம்.