கொட்டியாரத்துக் கைதி

திருகோணமலைத் துறைமுகத்தின் புகழைப் பேசுவோர் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் அவர்தம் போர்க்கப்பல்களையுமே பெரிதும் பேசுவர். எனக்கோ, துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவில் வந்திறங்கிய பத்தொன்பது வயது இளைஞர் றொபேட் நொக்ஸே முதலில் நினைவுக்கு வருகிறார்.

1641ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்த நொக்ஸ், கப்பல் தலைவராகிய தம் தந்தையுடன் 'ஆன்' என்னும் வணிகக் கப்பலிற் கீழ்த்திசை வந்தார். 1659இல் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த கப்பல், பழுதுபார்க்கக் கொட்டியாரத்தை நாடியது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். மறு ஆண்டே தந்தை காய்ச்சலால் மாண்டார். நோயால் நலிந்திருந்த மகனே அவரைப் புதைக்க நேர்ந்தது.

கைவிலங்கில்லை; மதிலுமில்லை. ஆயினும் நாட்டைவிட்டுப் போகலாகாது. தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் அவர் பிழைத்தார். காலம் ஒன்றே அவரிடம் மிகுந்திருந்தது. அதனை அவர் தம் கண்களுக்கு ஈந்தார் என்பேன்.

காதுமுதற் காதுவரை வெண்தாடி சூழ்ந்த கருமுக மந்திகள் கிழவரைப் போலத் தோன்றுவதையும், தளிரும் மொட்டும் தின்று காட்டோடு அமைவதையும் கண்டார். தாடியற்ற குரங்குகளோ கூட்டமாய் விளைநிலத்தில் இறங்கிக் காவலரை ஏய்ப்பதையும் பிரித்தறிந்தார். மந்திக்குரிய 'வந்துரா' என்னும் சிங்களப் பெயர் அவர் நூல்வழி ஐரோப்பாவை அடைந்தது. பின்னாளில் மேற்குத்தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்குக்கு அது தவறாகச் சூட்டப்பட்டது. 1777இல் அறிஞர் அம்மந்திக்கு இட்ட இலத்தீன் பெயரும் கிழவன் என்னும் பொருளுடையதே.

1679இல் நண்பர் ஒருவருடன் காட்டுவழியே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

நொக்ஸ் சிறைப்பட்டு முந்நூறு ஆண்டு கழிந்த 1960இல், ஜேன் குடால் ஆபிரிக்காவின் கொம்பே காட்டிற் சிம்பன்சிகளிடையே தங்கினார். வெண்தாடி கொண்ட ஒரு சிம்பன்சியே, புல்லின் தண்டைப் புற்றிலிட்டுக் கறையான் பிடிக்கும் வித்தையை அவருக்குக் காட்டியது. 1968இல் வுல்ஃப்கங் டிட்டஸ் பொலன்னறுவையில், நொக்ஸ் கண்ட அதே தாடியற்ற குரங்கினத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராயத் தொடங்கினார். இவர்கள் விரும்பித் தங்கியவர்கள்; நொக்ஸ் தங்கவைக்கப்பட்டவர். அவர் எழுதியது முறையான ஆராய்ச்சியன்று. எனினும், ஓர் உயிரை அறிய வேண்டின் அதன் அருகே நெடுங்காலம் இருத்தல் வேண்டும் என்ற உண்மைக்கு அவரும் சான்றாவார்.

இருப்பினும் என் மனம் ஓரிடத்தில் தயங்குகிறது. விடுதலை பெற்ற நொக்ஸ், 1684இல் அடிமைகளை வாங்க மடகஸ்காருக்குக் கப்பல் செலுத்தினார். தாய்மண்ணைக் காணாத ஏக்கத்தைப் பத்தொன்பது ஆண்டு அனுபவித்தவர், அதே ஏக்கத்தைப் பிறருக்கு விலைபேசினார். குரங்கின் முகத்தில் முதியவரைக் கண்ட கண், சங்கிலியிட்ட மனிதனிடம் தன்னைக் காணவில்லை. கூர்ந்து நோக்கல் வேறு, இரங்கல் வேறு.

1720இல் அவர் இலண்டனிற் காலமானார். மூதூரில் அவர் பிடிபட்ட இடமெனச் சொல்லப்படும் மரத்தடியில் 1893இல் ஒரு கல் நாட்டப்பட்டது. அவருடைய சிறைவாசத்தை அக்கல் கூறும். மடகஸ்காரில் அவர் விலைகொடுத்து வாங்கியோரின் சிறைவாசத்தை எந்தக் கல் கூறும்?