ஒரே நாளில் 11 விக்கெட்!
சென்னை வீரர் ஏ. ஜி. ராம்சிங் கதை

1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை கோஷ்டியும் மைசூர் கோஷ்டியும் மோதின. பிற்காலத்தில் ரஞ்சிக் கோப்பை என்று புகழ் பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் அதுதான்.

முதல் பந்தை வீசியவர், சென்னையின் வேகப் பந்து வீச்சுக்காரர் எம். ஜே. கோபாலன். அதைச் சந்தித்தவர் மைசூரின் கர்டிஸ். ஆனால் அன்று மைசூரைக் கவிழ்த்தவர் வேறொருவர். தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கிய வாலிபர். வயது 24. பெயர் ராம்சிங்.

இடது கையால் மெதுவாகத்தான் பந்து போடுவார். மெதுவான பந்துதானே என்று மட்டையை ஓங்கினால் தீர்ந்தது! தரையில் பட்டதும் பந்து திரும்பி, ஆட்டக்காரரின் மட்டைக்கு வெளியே விலகி ஓடும். விளிம்பில் பட்டால் கேட்ச். ஆசைப்பட்டு முன்னால் இறங்கி வந்து கோட்டை விட்டால் ஸ்டம்பிங்.

மைசூர் 48 ரன்னில் சுருண்டது. ராம்சிங் 19 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார்.

சென்னையும் ஒன்றும் பிரமாதமாக ஆடிவிடவில்லை. மைசூரின் விஜயசாரதி 6 பேரை வெளியேற்றினார். சென்னை எடுத்தது 130 ரன். அன்றைக்கு அதுவே மலை! மீண்டும் ஆட வந்த மைசூர் 59 ரன்னில் முடிந்தது. இந்த முறை ராம்சிங்குக்கு 16 ரன்னுக்கு 5 விக்கெட். ஒரு இன்னிங்சும் 23 ரன்னும் வித்தியாசத்தில் சென்னை வென்றது.

இரு கோஷ்டிகளும் சேர்ந்து எடுத்தது 237 ரன்தான். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு, மறுநாள் திருவான்மியூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர் யாராவது இருந்தால், பாவம், வெறும் மைதானத்தைத்தான் பார்த்திருப்பார்!

கிடைக்காத இடம்

ஏ. ஜி. என்பதில் முதல் எழுத்து அமிர்தசரசைக் குறிக்கும். ஆனால் ராம்சிங் பிறந்தது சென்னையில், 1910-ல். குடும்பம் இருந்தது திருவல்லிக்கேணியில்.

பந்து வீச்சு மட்டும் அல்ல, மட்டை பிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். ரஞ்சிப் போட்டியில் 1,000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுத்த முதல் வீரர் அவரே.

அப்படிப்பட்டவர் இந்தியாவுக்காக எத்தனை டெஸ்டுகளில் ஆடினார்? ஒன்றில் கூட இல்லை!

1936-ல் இந்திய கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. சென்னையிலிருந்து கோபாலனும் சி. ராமசாமியும் கப்பல் ஏறினார்கள். ராம்சிங்குக்கு அழைப்பு இல்லை. (போன கோபாலனுக்கும் அங்கே ஒரு டெஸ்டில் கூட ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பயணத்துக்காக அவர் பெர்லின் ஒலிம்பிக் ஆக்கியையே விட்டுக் கொடுத்திருந்தார்.)

அதன் பின் உலக யுத்தம் வந்தது. இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடியது 1946-ல்தான். அப்போது ராம்சிங்குக்கு வயது 36. வினு மன்காட் வந்துவிட்டார். அவரும் இடது கையால் சுழல் பந்து வீசுகிறவர். ஒரு கோஷ்டியில் அப்படி இரண்டு பேருக்கு இடம் ஏது? ராம்சிங்கின் திறமைக்கு வயதும் காலமும் ஒத்து வரவில்லை. என்றாலும் 1936-ல் அவரை விட்டுச் சென்றது நியாயம் என்று சொல்வது கஷ்டம்.

பிள்ளைகள் ஆடினார்கள்

தம் வித்தையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார் ராம்சிங். 1954-55-ல் சென்னை முதன் முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. இந்தூரில் ஹோல்கார் கோஷ்டியுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் வெற்றிக்குப் பெரிதும் உதவியவர் அவருடைய மகன் கிருபால்சிங்.

அதே ஆண்டு, 1955 நவம்பரில், ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகக் கிருபால்சிங் தம் முதல் டெஸ்டை ஆடினார். அவுட் ஆகாமல் 100 ரன்! 1960-ல் இன்னொரு மகன் மில்காசிங்கும் இந்தியாவுக்காக ஆடினார். 1961-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே களம் இறங்கினார்கள்.

கிருபால்சிங் 1987-ல் காலமானார். தந்தை அதன் பிறகும் 12 ஆண்டுகள் இருந்தார். 1999-ல் சென்னையில் ராம்சிங் கண் மூடியபோது அவருக்கு வயது 89.