சேதுநாட்டில் ஓர் ஆங்கிலப் பள்ளி

இராமநாதபுரம் நகரத்தில் ஷுவார்ட்ஸ் என்னும் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அப்பெயர் நம்மவர் நாவுக்கு எளிதில் படிவதன்று. ஆயினும் அந்தக் கடற்கரைச் சீமையில் படித்தவர் என்று சொல்லத்தக்கவர் யாருக்கும் அது புதிய பெயருமன்று. அப்பெயருக்குரியவர் யார், எங்கிருந்து வந்தார், சேதுபதியின் நாட்டில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் மட்டும், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வர். அந்த விடை போதாதென்பது நமது அபிப்பிராயம். பள்ளிக்கூடச் செலவுக்கென ஆள்வோரின் பொக்கிஷத்திலிருந்து ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது என்னும் வழக்கம், கும்பினி ஆட்சிக் காலத்தில் முதன்முதலாகத் தலைகாட்டிய இடங்களுள் இராமநாதபுரமும் ஒன்று. அதற்குக் காரணமாயிருந்தவரின் சரித்திரத்தில் நாம் போற்ற வேண்டியதும் உண்டு. சந்தேகத்தோடு நோக்க வேண்டியதும் உண்டு.

கிறிஸ்தியான் பிரெடரிக் ஷுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டில் பிரஷ்யா தேசத்து ஸோனென்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து தேசத்தின் எல்லைக்குள் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர். ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் ஊழியம் செய்து திரும்பியிருந்த ஷுல்ட்ஸ் பாதிரியார் தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சேற்ற முயன்றார். பிழை திருத்த உதவும்பொருட்டு இவர் தமிழ் கற்கத் தொடங்கினார். தமிழ்நாட்டைக் கண்ணால் காண்பதற்கு முன்பே ஜெர்மனியில் அமர்ந்து தமிழெழுத்தைக் கூட்டிப் படித்த இம்மனிதர், 1750-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நான்கு மாதங்களுக்குள் தமிழிலேயே பிரசங்கம் செய்தார். அதன் பிறகு நாற்பத்தெட்டு வருஷங்கள் இந்நாட்டிலேயே கழிந்தன, தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை, விவாகமும் செய்துகொள்ளவில்லை. ஆற்காட்டு நவாபின் பரிவாரத்தோடு பேசுவதற்காகப் பாரசீகமும், தஞ்சை அரண்மனையில் பேசுவதற்காக மராத்தியும் கற்றார். நம்மை ஆண்ட வெள்ளையர்களில் எத்தனை பேர் துபாஷி இல்லாமல் ஒரு குடியானவனிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பர் என்று எண்ணிப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

திருச்சிராப்பள்ளியில் அவர் கும்பினிப் பட்டாளத்துக்குக் குருவாகவும் வேலை பார்த்தார். அதற்குக் கிடைத்த சம்பளத்தில் பெரும்பகுதி பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்குமே சென்றது. அங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அநேகர் மாண்டபோது, அநாதைகளான குழந்தைகளுக்காகப் பணம் திரட்டிப் பள்ளி ஏற்படுத்தினார். பள்ளிக்கூடம் கட்டும் பழக்கம் அவரை அப்போதே பற்றிக்கொண்டது.

1779-இல் சென்னைக் கவர்னர் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். மதத்தாலும் அரசியலாலும் தமக்கு மாறுபட்ட ஒருவரை ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மரியாதையோடு வரவேற்றார். தூது பலிக்கவில்லை, மறுவருஷமே யுத்தம் மூண்டது. சமாதானம் பேசுவதாக ஒரு நல்ல மனிதரை முன்னே நிறுத்திவிட்டுக் கும்பினியார் பின்னே என்ன நினைத்திருந்தனர் என்பதை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. திரும்பும்போது வழிச்செலவுக்கென ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாயைப் பாதிரியார் தம்முடையதாக வைத்துக்கொள்ளாமல் சென்னை அதிகாரிகளிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் வேண்டாமென்றனர். அந்தப் பணம் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மூலதனமாயிற்று. கும்பினியின் எதிரி கொடுத்த பணத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி எழுந்தது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. யுத்தம் நடந்தபோது, இவரை எவரும் தடுக்கலாகாதென்று ஹைதர் தம் படைத்தலைவர்களுக்கு உத்தரவிட்டிருந்தார்.

அந்த யுத்தத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. நெல்லைக் கொண்டுவந்தால் விலை கிடைக்குமென்று குடிகள் நம்பவில்லை; முன்னே கொடுத்ததற்கே பணம் வராத அநுபவம் அவர்களுக்கு இருந்தது. அரசரின் வாக்கும் செல்லவில்லை, கும்பினியாரின் வாக்கும் செல்லவில்லை. ஷுவார்ட்ஸ் தாம் பொறுப்பென்று சொன்ன பிறகே மாடுகளும் நெல்லும் கோட்டைக்குள் வந்தன. அவரும் சொன்னபடி பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். யுத்தத்துக்கு முன்பே அவர் வாங்கிச் சேமித்து வைத்திருந்த நெல்லும் பலருடைய உயிரைக் காத்தது.

இத்தகைய நம்பிக்கையைச் சம்பாதித்திருந்த மனிதரிடந்தான், தஞ்சையில் கும்பினியின் ரெஸிடெண்டாக இருந்த ஜான் ஸல்லிவன் ஒரு யோசனையோடு வந்தார். தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று சமஸ்தானங்களின் தலைநகரங்களிலும் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் வைக்க வேண்டும் என்பதே அந்த யோசனை. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமையால், இடையே நின்ற துபாஷிகள் இருவரையும் வஞ்சித்துக் கொழுத்தனர். ஆங்கிலம் அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் தோன்றினால் கும்பினிக் காரியங்கள் சுலபமாகும். இது ஸல்லிவனின் கணக்கு. அதை அவர் மறைக்கவுமில்லை. பாதிரியாரின் உள்ளத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. படிப்பின் வழியே தம் மதத்தைப் பற்றிய நல்லெண்ணமும் பரவும் என்று அவர் நம்பினார். ஆனால் வஞ்சகமாகவோ ஆசைகாட்டியோ மாணாக்கரை மதம் மாற்றும் வேலை இப்பள்ளிகளில் நடவாதென்று அவர் உறுதி கூறினார்.

1785-இல் ஸல்லிவனும் ஷுவார்ட்ஸும் இராமநாதபுரம் சென்றனர். அப்போது சேதுபதியாக இருந்தவர் முத்துராமலிங்க சேதுபதி. நவாபின் படையும் கும்பினிப் படையும் 1772-இல் இராமநாதபுரத்தைப் பிடித்தபோது, சிறுவராயிருந்த இவரைத் தாயாரோடு திருச்சிக் கோட்டையில் சிறைவைத்தனர்; பிறகே நாடு திரும்பக் கிடைத்தது. சிவகங்கையிலோ வேலுநாச்சியார் தம் சீமையை மீட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. இவ்விரு மறவர் சீமைகளும் தஞ்சையும் பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்ய இணங்கின. அரண்மனைக் காரியஸ்தர்களும் வியாபாரிகளும் தம் பிள்ளைகளை அனுப்பினர். அதே 1785-இல் பாதிரியார் பாளையங்கோட்டைக்கும் சென்றார். அங்கிருந்து பன்னிரண்டு வயதளவுள்ள ஒரு சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்கவைத்தார். பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அச்சிறுவரே.

இலண்டனிலுள்ள கும்பினி டைரக்டர்கள் 1787-இல் இந்த ஏற்பாட்டை அங்கீகரித்து, பள்ளி ஒன்றுக்கு வருஷம் 250 வராகன் வீதம் கொடுக்க உத்தரவிட்டனர். பிற்கால மதிப்பில் இது சுமார் 875 ரூபாய். தொகை சிறிது. ஆனால் இந்தியர்களின் கல்விக்காக ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டுமென்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு விதித்தது 1813-இல்; மெக்காலே ஆங்கிலக் கல்விக்காக வாதாடியது 1835-இல். அவற்றுக்கெல்லாம் முன்னே, வைகை வறண்டுபோகும் ஒரு கண்மாய்ச் சீமையில் இக்காரியம் நடந்துவிட்டது.

இதைக் கொண்டு, அதற்கு முன் நம் நாட்டில் கல்வியே இல்லையென்று வாதிப்போர் உண்டு. அவர்களுக்குக் கும்பினியின் கணக்கே பதில் சொல்லும். கவர்னர் தாமஸ் மன்றோ எடுப்பித்த விசாரணையின்படி, 1826-இல் சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஒரு லட்சத்து எண்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் படித்தனர். இவை ஊரார் நடத்திய திண்ணைப் பள்ளிகள். சட்டாம்பிள்ளை சிறுவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை எழும்பூரில் கையாண்டு, அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் புகழ் பெற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். ஆகையால் ஷுவார்ட்ஸ் வெறுந்தரையில் விதைக்கவில்லை. அவருடைய பள்ளி கொண்டுவந்த புதுமை எழுத்தறிவன்று. ஆங்கிலமும், அதை ஒட்டிய உத்தியோகமும், சர்க்கார் மானியமுமே. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு ஊர் கொடுத்த நெல், மானியம் பெற்ற பள்ளி பெருகப் பெருகக் குறைந்துபோனதும் இந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியே.

அந்தப் பள்ளியில் யாருடைய பிள்ளைகள் உட்கார்ந்தனர் என்பது இன்னும் முக்கியமான கேள்வி. அரண்மனையையும் கச்சேரியையும் கடைவீதியையும் அண்டி வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்காகவே அது ஏற்பட்டது. பனையேறுவோரின் பிள்ளைகளும், வலை இழுப்போரின் பிள்ளைகளும், முத்துச்சலாபத்தில் மூழ்குவோரின் பிள்ளைகளும், பாம்பன் கால்வாய்க்கு அப்பால் தீவில் இருந்தோரும் அதன் நினைவிலேயே இல்லை. மன்றோவின் கணக்கிலுள்ள திண்ணைப் பள்ளிகளையும் நாம் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளுக்கு அவற்றிலும் பெரும்பாலும் இடமில்லை. பாதிரியாரோ, தம் கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து உட்காருவதைப் பொறுத்துக்கொண்டவர். காலப்போக்கில் அது மாறுமென்று அவர் கருதினார். தானாக மாறவில்லை, 1833-இல் பிஷப் வில்ஸன் அதைத் தடுத்து உத்தரவிட வேண்டியதாயிற்று. அவருடைய குணத்தைப் போற்றும்போது இந்தக் குறையை விட்டுவிடுவது நியாயமன்று.

1787-இல் தஞ்சை அரசர் துளஜா மகாராஜா மரணத்தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சரபோஜியைப் பாதிரியாரின் பாதுகாப்பில் ஒப்புவிக்க விரும்பினார். சிம்மாசனம் அமர்சிங் கைக்குச் சென்றது. இளவரசர் படிப்பின்றி அடைபட்டுக் கிடந்தார். ஷுவார்ட்ஸ் விடாமல் முயன்று அவருக்குக் கல்வி வாய்க்கச் செய்தார். 1793-இல் சென்னைக்கும் அனுப்புவித்தார். சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கிய சரபோஜி மன்னர் இவ்வாறு உருவானவரே. அதே காலத்தில் வரிக்கொடுமை தாங்காமல் தஞ்சையை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கான குடிகள், பாதிரியாரின் சொல்லை நம்பித் தங்கள் நிலங்களுக்குத் திரும்பினர்.

ஆனால் இராமநாதபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். பள்ளிக்கு உதவ இணங்கிய அதே முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் 1795-இல் பதவியிலிருந்து இறக்கிச் சிறைப்படுத்தினர். அவர் மீண்டும் தம் நாட்டைக் காணாமல், 1809-இல் சென்னையில் கைதியாகவே மாண்டார். 1801-இல் சிவகங்கையின் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1803-இல் இராமநாதபுரம் ஜமீனாயிற்று. துபாஷிகள் இல்லாமல் இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென்று ஏற்பட்ட பள்ளி, பத்து வருஷத்துக்குள் அரசர் இல்லாத ஊரில் நின்றது. பாஷை தெரியாமையினாலா கும்பினியார் சேதுபதியைச் சிறைவைத்தனர்? ஷுவார்ட்ஸின் நேர்மையில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. அந்த நேர்மையைக் கும்பினியார் தம் காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டனர் என்பதிலும் ஐயமில்லை.

1798 பிப்ரவரி 13-ஆம் தேதி அவர் தஞ்சையில் காலமானார். அவ்வருஷமே சரபோஜி அரசுரிமை பெற்றார். அதைக் காண அவர் இருக்கவில்லை. மன்னர் இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்னும் பேர்பெற்ற சிற்பியைக் கொண்டு நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைச் சிறு கோட்டைக்குள்ளிருக்கும் கோயிலில் வைத்தார். மரணப்படுக்கையிலுள்ள பாதிரியாரின் கையை அரசர் பற்றியிருக்கும் காட்சி அதிலுண்டு. கும்பினியாரும் சென்னைக் கோட்டையிலுள்ள கோயிலில் ஒரு சின்னம் எழுப்பினர். அவர் விட்டுச்சென்ற பொருள் மிஷனுக்கே சேர்ந்தது.

இராமநாதபுரத்தில் அவருடைய பெயர் பள்ளிக்கூடத்தில் நிலைத்தது. 1910-இல் தனி ஜில்லா ஏற்பட்ட பின்னும், கிராமங்களில் உயர்தரப் பள்ளிகள் அரிதாகவே இருந்தன. நிலைமை பெரிதும் மாறியது சுதந்திரத்துக்குப் பிறகே. அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள விருதுநகரில் பிறந்த காமராஜ் 1954-இல் முதன்மந்திரியாகி, எட்டிய ஊர்களுக்கெல்லாம் பள்ளியும், 1956 முதல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவும் கிடைக்கச் செய்தார். அதற்கு முன் தீவுப் பிள்ளை ஒருவன் ஆரம்பப் படிப்புக்கு மேல் படிக்க விரும்பினால் கடல் கடந்து வர வேண்டும். 1914-இல் பாம்பனில் ரயில் பாலம் ஏற்பட்டது அதற்கு ஓர் உதவி.

அவ்வாறு பாலம் கடந்து வந்த பிள்ளைகளில் ஒருவர், இராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்குப் படகு விட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்துச் சிறுவர். வீட்டு நினைவால் வருந்திக்கொண்டே இராமநாதபுரத்தில் தங்கி ஷுவார்ட்ஸ் பள்ளியில் படித்தார். 1950-இல் மேற்படிப்புக்குத் திருச்சி சென்றார். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்து, 2015-இல் காலமாகி, தம் தீவிலேயே பேக்கரும்பில் அடக்கமான அப்துல் கலாமே அவர். ஷுவார்ட்ஸ் பள்ளியில் தமக்கு ஊக்கமளித்த ஐயாத்துரை ஸாலமன் என்னும் ஆசிரியரைத் தம் சுயசரிதையில் அவர் பெயர் சொல்லி நினைவுகூர்ந்திருக்கிறார்.